தம்பிக்கு என்று அரைத்தது

எங்கள் அங்கன்வாடிக்கு எதிர் வரிசையில் நாலாவது வீடு தமிழ்ச்செல்வியினுடையது. ஆரணியில் பட்டு நெய்கிற எத்தனையோ வீடுகளில் அதுவும் ஒன்று. முன்னறை முழுக்க, தரையில் குழி வெட்டி அதில் காலை விட்டு உட்கார்ந்து நெய்கிற இரண்டு குழித்தறி, மிச்சம் இருக்கிற இடத்தில் மனிதர்கள். அவளை நல்ல தாய் என்று ஒரு வருடமும், பைத்தியக்காரி என்று ஐந்து வருடமும், பொறுப்பில்லாதவள் என்று ஒரு மாதமும் சொல்லியிருக்கிறேன். மூன்றையும் அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். இருபத்திரண்டு வருடம் அங்கன்வாடி டீச்சராக இருந்தால் அந்த உரிமை வந்துவிடுகிறது. யாரும் கொடுப்பதில்லை, நாமே எடுத்துக்கொள்வதுதான்.

அவளுக்குப் பிறந்த ஊர் வெம்பாக்கம் பக்கம். கூலிக்காரக் குடும்பம். நடவுக்குப் போன அம்மா வரப்பில் உட்கார்ந்து தூக்குப்பாத்திரத்தைத் திறந்தால் உள்ளே எது இருந்ததோ அதைத் தின்று வளர்ந்தவள். கல்யாணமாகி ஆரணிக்கு வந்தபின் ஏழு வருடம் பிள்ளை இல்லை. அந்த ஏழு வருடமும் எங்கள் தெரு அவளைச் சும்மா விட்டதா? வளைகாப்புக்குக் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் வளையல் போட விடமாட்டார்கள். தறியில் புதுப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், ஏற்றுகிற அன்று அவள் வீட்டிலேயே வேறொருத்தி வந்துதான் விளக்கேற்றினாள். அவள் புருஷன் ஜெயவேல் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தான். வாயே இல்லாத மனுஷன் என்று அப்போது நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வாய் இருக்கிறது, பெண்டாட்டி பிள்ளைகளிடம் மட்டும் திறக்கும்.

எட்டாம் வருடம் மதிவதனி பிறந்தாள். ஆறு மாதம் முடிந்தபோது சோறு பழக்குவது எப்படி என்று தமிழ்ச்செல்விக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு பண்டத்தை ஆரம்பித்தால் மூன்று நாள் பார், பிறகு அடுத்தது. உப்பு, சர்க்கரை ஒரு வயது வரை கூடாது. நன்றாக மசித்துக் கொடு. எல்லாரிடமும் சொல்வதுதான். மற்றவர்கள் ஒரு காதில் வாங்கி இன்னொரு காதில் விடுவார்கள். இவள் ஒரு எழுத்து விடாமல் பிடித்துக்கொண்டாள். நாட்காட்டியில் எழுதி வைத்தாள். தண்ணீரைக் கடிகாரம் பார்த்துக் கொதிக்க வைத்தாள். மிக்ஸியில் அரைத்து, சல்லடையில் தேய்த்து, அதையும் மெல்லிய துணியில் வடிகட்டி ஊட்டினாள். பத்தாம் மாதம் யாரோ ஆசையாக ஒரு இட்லித் துண்டைக் குழந்தை வாயில் வைக்க, அது புரையேறி முகமெல்லாம் நீலமாகிவிட்டது. முதுகில் தட்டியதும் சரியாகிவிட்டது. ஆனால் தமிழ்ச்செல்வி சரியாகவில்லை. அன்றிலிருந்து அரைக்காத எதையும் அந்தப் பெண் வாய்க்கு அவள் காட்டவில்லை.

இரண்டு வயதில் சொன்னேன், மூன்று வயதில் திட்டினேன், நாலு வயதில் விட்டுவிட்டேன். மதி முதலாம் வகுப்புக்குப் போகும்போதும் அவள் டப்பாவில் அரைத்த சாம்பார் சாதம்தான். பள்ளிக்கூடத்தில் சத்துணவு முட்டையை வாயில் வைத்தால் குமட்டிக்கொண்டு வந்துவிடும். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் மிக்ஸி. தெருவிலும் அதுவே ஆகிவிட்டது. "இன்னாடி மிக்ஸி, இன்னிக்கு இன்னா அரைச்சாங்க உனுக்கு?" என்று பெரியவர்களே கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன்.

மதிக்கு ஐந்தரை வயதாகும்போது குணா பிறந்தான். இப்போது தமிழ்ச்செல்விக்கு நேரமில்லை. கோர்வைக்கரைப் புடவை நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஜெயவேல் நடுவில் உட்கார்ந்து நெய்தால் இவள் பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நூல் கொண்டு ஓடுகிற நாடாவைத் தள்ள வேண்டும். ஒருவர் எழுந்தால் தறி நின்றுவிடும். பிள்ளை பெற்ற மூன்றாம் மாதமே அவளைத் தறியில் உட்கார வைத்துவிட்டான். குணாவுக்கு ஆறு மாதம் முடிந்த தேதியே அவளுக்கு ஞாபகமில்லை. ஒருநாள் அப்பன் மடியில் உட்கார்ந்திருந்தவன் தட்டிலிருந்து தோசை விளிம்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டான். தமிழ்ச்செல்வி பார்த்தாள். எழுந்து பிடுங்கியிருக்க வேண்டும். கையில் நாடா இருந்ததால் எழவில்லை. அவன் ஈறால் கடித்து, சப்பி, கூழாக்கி விழுங்கிவிட்டுச் சிரித்தான்.

அவ்வளவுதான். அதன்பிறகு தறிக்குப் பக்கத்தில் ஒரு பாய், பாயில் குணா, குணா முன்னால் ஒரு தட்டு. இட்லி, வேகவைத்த பூசணித் துண்டு, வாழைப்பழம், குழைந்த சோறு, அன்று வீட்டில் எதுவோ அது. தின்றால் தின்றான், தேய்த்தால் தேய்த்தான். அவள் நாட்காட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னமோ டீச்சர், இவன் கவலையே வெக்கல. பாத்துகினு உட்கார்ந்திருக்கவே சந்தோஷமா கீது" என்றாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. வரப்பில் உட்கார்ந்து தின்ற சிறுமி திரும்பி வந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. நான்தான் செல்போனை எடுத்தேன். எட்டு மாதக் குழந்தை சப்பாத்தியைக் கிழித்துத் தின்பதை வீடியோ எடுத்து எங்கள் அதிகாரிகள் இருக்கிற குழுவில் போட்டேன். கைதட்டுகிற படங்களாக வந்து குவிந்தன. பெருமை தாங்கவில்லை எனக்கு. தாய்மார்களை அழைத்துக்கொண்டு போய்க் காட்டினேன். பொருட்காட்சி மாதிரி வாசலில் நின்று பார்ப்பார்கள். பார்த்துவிட்டு எல்லாரும் ஒரே திசையில் திரும்புவார்கள். மூலையில் கிண்ணமும் கரண்டியுமாக மதி உட்கார்ந்திருப்பாள்.

ஜெயவேலுக்கு இது விளையாட்டாகிவிட்டது. அக்கா தட்டையும் தம்பி தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பான். "யாரு ஜெயிக்கிறா பாக்கலாம்" என்பான். ஆளுக்கு ஒரு இட்லி. குணா இரண்டு கையாலும் மொத்திக்கொண்டு தின்பான். மதி ஒரு துணுக்கை நாக்கில் வைத்துக்கொண்டு கண்ணில் நீர் முட்ட உட்கார்ந்திருப்பாள். தமிழ்ச்செல்வியும் சேர்ந்துகொண்டாள். அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. ஐந்து வருடம் பைத்தியக்காரி என்று பேர் வாங்கிக் கொடுத்த பெண் மேல் அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கோபம் இருந்திருக்க வேண்டும். "பல்லு மொளைக்காத புள்ள மெல்லுது. உனுக்கு எதுக்குடி இத்தினி பல்லு? புடுங்கி அவனுக்கு வெச்சிடலாமா?" என்றாள். எல்லாரும் சிரித்தோம். மதிக்கு அப்போது முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கையால் வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு ஒருநாள் ஜெயவேல் மிக்ஸியைத் தூக்கிப் பரணில் போட்டான். "இவன் இன்னா துன்றானோ அதான் உனக்கும். இல்லன்னா பட்டினி கெட" என்றான். தமிழ்ச்செல்வி என்னைப் பார்த்தாள். நான் அன்று சத்துமாவு பாக்கெட் கொடுக்கப் போயிருந்தேன். ஒரு வார்த்தை நான் வேண்டாம் என்றிருந்தால் மிக்ஸி கீழே வந்திருக்கும். "பசிச்சா தானா துன்னும். ரெண்டாவதுக்கு விட்ட மாதிரி மொதலுதுக்கும் விடு. எல்லாம் சரியாயிடும்" என்றேன்.

நாலாம் நாள் மதியின் தட்டு காலியாக இருந்தது. ஐந்தாம் நாளும் அப்படியே. "பாத்தியா?" என்றேன். தமிழ்ச்செல்வி ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். ஜெயவேல் பொண்ணுக்குப் புது ரிப்பன் வாங்கி வந்தான். எப்படித் தின்கிறாள் என்று யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கவில்லை. தறி ஓடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டாம் நாள் காலையில் இரண்டாம் தறியில் எலி பாவு நூலை வெட்டியிருந்தது. அந்தத் தறியில் அப்போதுதான் பாவு பிணைத்து முடித்திருந்தார்கள். பழைய பாவின் இழையோடு புதுப் பாவின் இழையை ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டுத் திரித்துச் சேர்க்கிற வேலை. ஆயிரக்கணக்கில் இழை, முதுகு ஒடிந்துவிடும். முழுதும் அறுந்து தொங்கியது. ஜெயவேல் குழிக்குள் இறங்கிப் பார்த்தான். காய்ந்த இட்லி, சப்பாத்தித் துண்டு, சோற்று உருண்டை எல்லாம் மூலையில் கிடந்தன. பாதியை எலி தின்றிருந்தது.

யார் போட்டது என்று அவன் யோசிக்கவே இல்லை. தறிவீட்டில் தட்டை வைத்துச் சிந்திச் சிதறித் தின்கிறவன் ஒருவன்தான். தமிழ்ச்செல்வியின் கன்னத்தில் விட்டான் ஒன்று. "உட்கார்ந்து ஊட்ட துப்பில்ல, நாய்க்குப் போடற மாதிரி போட்டா இப்டித்தான் ஆவும்" என்று தெருவுக்கே கேட்கக் கத்தினான். ஓடிப்போய்ப் பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். "சொன்னேனே தமிழு, சிந்தினா ஒடனே தொடைச்சிடணும்னு" என்றேன். நான் சொன்னதே இல்லை. கூட்டத்தில் அப்படி வந்துவிட்டது. பொறுப்பில்லாதவள் என்று சொன்னதும் அன்றுதான்.

குணா தின்பவன், ஒளிப்பவன் இல்லை. தவழ்ந்து போய்க் குழிக்குள் மூலை பார்த்து அடுக்கி வைக்க மாட்டான். இது எனக்குத் தோன்றவில்லை. தமிழ்ச்செல்விக்குத் தெரிந்திருந்தது. எலி வெட்டியதற்கு முந்தின நாளே பள்ளிக்கூடப் பாவாடையைத் துவைக்கும்போது பையில் ஊறிப்போன இட்லி இருந்ததாம். பெண்ணைக் குளிப்பாட்டும்போது விலா எலும்பு ஒவ்வொன்றாகக் கைக்குத் தட்டுப்பட்டதாம். பன்னிரண்டு நாளும் அது மோரையும் ரசத்தையும் குடித்து, என் சத்துமாவை விரலால் தொட்டு நக்கி ஓட்டியிருக்கிறது. இதையெல்லாம் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். அன்று அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் கவனிக்கல. இனிமே பாத்துக்கறேங்க" என்று மட்டும் சொன்னாள். அவள் பின்னால் மதி சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

மிக்ஸி பரணிலிருந்து இறங்கியது, குணாவுக்காக. ஒரு பருக்கை கீழே விழக்கூடாது, அரைத்து ஊட்டு, அதுவும் தறி இருக்கிற இடத்தில் கூடாது என்று ஜெயவேல் உத்தரவு போட்டான். பின்பக்கம் துவைக்கிற கல்லில் உட்கார வைத்து ஊட்ட வேண்டும். ஊட்டுவது யார்? தமிழ்ச்செல்வி எழுந்தால் தறி நிற்குமே. "மதி ஊட்டட்டும். பள்ளிக்கூடம் பக்கத்துலதான, மத்தியானத்துல வந்து ஊட்டிட்டு, அவளும் துன்னுட்டுப் போவட்டும்" என்றாள் தமிழ்ச்செல்வி. அவன் ஒப்புக்கொண்டான். பொம்பளைப் பிள்ளைக்குப் பொறுப்பு வரட்டும் என்றான்.

காலையிலும் மத்தியானத்திலும் மதி இரண்டு பாத்திரத்தோடு பின்பக்கம் போவாள். ஒன்று தம்பிக்கு அரைத்த கூழ், ஒன்று அவளுடைய தட்டு. இரண்டும் கழுவி வைத்தது போலத் திரும்பி வரும். அந்த மாதம் எடை போட்டபோது குணா நன்றாக ஏறியிருந்தான். மதி கன்னத்திலும் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. பார்த்தாயா, எல்லாம் வழிக்கு வந்தது என்று சொல்லிவிட்டுப் போனில் எடையை ஏற்றினேன்.

வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும் என் வேலைதான். அப்படி ஒரு மத்தியானம் தமிழ்ச்செல்வி வீட்டுக்குள் நுழைந்தேன். இரண்டு பேரும் தறியில் இருந்தார்கள். சமையல் மேடையில் குணாவின் கிண்ணம், சூடு ஆறட்டும் என்று, அரைமூடியாக இருந்தது. திறந்து விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். எந்த வீட்டிலும் அப்படிச் செய்வேன், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். உப்பு. உப்பு மட்டுமா? புளி, மிளகு, கொஞ்சம் பெருங்காயம், மேலே நெய். ரசம் ஊற்றிக் குழைத்து அரைத்த சோறு.

"தமிழு!" என்று கத்தினேன். "பத்து மாசப் புள்ளைக்கு உப்பு போட்டியா? ஒரு வயசு வரைக்கும் கூடாதுன்னு எத்தினி தபா சொல்லிகீறேன்?"

தறியிலிருந்து தலையை நீட்டினாள். முகம் வெளுத்துவிட்டது. "தெரியாம போட்டுட்டேன் டீச்சர். வேற அரைச்சிடறேன். நீங்க போங்க."

போயிருக்கலாம். அவள் கண்ணால் கெஞ்சியதை நான் பார்த்தேன், பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் என் பேச்சை மீறிவிட்டாள் என்ற கோபம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது. "தெரியாமலா? உப்பு, புளி, மொளகுன்னு பெரிய மனுஷங்க ருசிக்கு அரைச்சி வெச்சிகீறியே, இது யாருக்கு அரைச்ச?" என்று கேட்டேன்.

ஜெயவேலின் கை நின்றது. குழியிலிருந்து காலைத் தூக்கிக்கொண்டு எழுந்து பின்பக்கம் போனான். நானும் பின்னாலேயே போனேன். கல்லுக்குப் பக்கத்தில் குணா உட்கார்ந்து மதியின் தட்டிலிருந்து முட்டையும் சோறுமாக அள்ளித் தின்றுகொண்டிருந்தான். மதி எதிரே கூழுக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். கையில் கரண்டி மட்டும் இருந்தது.

"குழியில போட்டதும் நீதானா?" என்று கேட்டான்.

"நான்தாம்பா" என்றாள். ஆறு வயதுக்கு அவளுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை.

தமிழ்ச்செல்வி ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். "எனுக்குத் தெரியுங்க. நான்தான் மாத்தித் துன்ன சொன்னேன். ரெண்டும் நல்லாத்தான துன்னுகினு கீதுங்க, யாருக்கு இன்னா நஷ்டம்? உட்டுடுங்க." அவளைத் தள்ளிவிட்டான். தட்டில் மீதி இருந்த இன்னொரு முழு முட்டையை எடுத்தான். பெண்ணின் தாடையைப் பிடித்தான். "தம்பி சோத்தைப் புடுங்கித் துன்ற கழுதை. டீச்சர் எதிர்லயே துன்னு. துன்னுடி!"

அது தின்றது. கண் பிதுங்க, மூக்கில் வழிய, மென்று மென்று முழு முட்டையையும் விழுங்கியது. ஒரு தடவை குமட்டியது, அதையும் விழுங்கிவிட்டது. ஆடிக்கொண்டிருந்த பல் அப்போது விழுந்ததோ உள்ளே போனதோ, உதட்டோரம் ரத்தம் இருந்தது. நான் "மெதுவா, மெதுவா" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. குணா பயந்துபோய் வீறிட்டு அழுதான். மதி அழவில்லை. "இன்னொண்ணு துன்னட்டாப்பா?" என்று கேட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜெயவேல் அவளைக் கலசப்பாக்கத்தில் இருக்கிற தன் அக்கா கன்னியம்மாவின் வீட்டில் கொண்டுபோய் விட்டான். அங்கே ஐந்து பிள்ளைகள். "அதுங்களோட உட்கார்ந்தா பசிக்குத் தானா துன்னுவா" என்றான். என் வார்த்தையை எனக்கே சொன்னான். குணா மறுபடியும் பாயில் உட்கார்ந்தான், தட்டு அவன் முன்னால் வந்தது. அவன்மேல் குற்றமில்லை என்று ஆகிவிட்டது. இரண்டு மூன்று நாள் மத்தியானத்தில் தட்டைத் தள்ளிக்கொண்டே பின்பக்கக் கதவு வரை தவழ்ந்து போனானாம். பிறகு மறந்துவிட்டான்.

இரண்டு மாதம் தமிழ்ச்செல்வி என்னோடு பேசவில்லை. எடை போட வருவாள், குழந்தையைத் தராசில் வைப்பாள், எடுத்துக்கொண்டு போவாள். போன வாரம் குணாவுக்கு ஒரு வயது முடிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. மதி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"எல்லாம் துன்றாளாம். அண்ணி போன் பண்ணாங்க. எது வெச்சாலும் துன்றாளாம். பேசறதுதான் இல்லியாம்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் வரை போனவள் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். அன்னிக்கு நீங்க தொட்டு நாக்குல வெச்சீங்களே, உப்பு சரியா இருந்துச்சா? கொழந்தைக் கூழை ருசி பாத்தா அவருக்குத் தெரிஞ்சிடும்னு நான் பாக்கவே இல்ல. கை அளவுலயே ஜல்தியா போட்டுகினு ஓடிடுவேன். அவளும் ஒரு நாள்கூட கம்மின்னோ கரிக்குதுன்னோ சொல்லல."

சரியாக இருந்தது என்றேன். தலையாட்டிவிட்டுப் போனாள். உண்மையைத்தான் சொன்னேன். அந்த உப்பு அவ்வளவு சரியாக இருந்ததால்தான் அது யாருக்கோ ஆசையாக அரைத்தது என்று எனக்குத் தெரிந்தது, கத்தினேன்.